மெலிந்த நாட்களின் சட்டைகள்

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், என் உடம்பு மாதத்துக்கு ஒரு பொத்தான் அளவு சுருங்கிக்கொண்டே வந்தது. சுருங்கச் சொன்னவர் மருத்துவர். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தொண்ணூற்றிரண்டு கிலோவை எழுபதுக்குக் கொண்டுவந்தாலொழிய மாத்திரையால் பயனில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து பகலில் ஒரு கரண்டிச் சோறு, இரவில் இரண்டு கோதுமை ரொட்டி, விடியற்காலையில் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு மணி நேர நடை என்று என் வாழ்க்கை குறுகிப்போயிற்று. பாசுரங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பேன். பசியில் பாதியில் அடி மறந்துபோகும். மறந்த அடியைத் தேடிக்கொண்டே அடுத்த தெருமுனை வந்துவிடும்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. மலையாள தேசத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஒரு பிரிவுக்குத் தலைமை எழுத்தர். கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் வாடகை வீடு. வீட்டில் நான், என் மனைவி, கல்யாணத்துக்கு நின்ற எங்கள் ஒரே மகள். ஓணத்துக்கு அலுவலகம் தரும் முன்பணத்தில் வருஷத்துக்கு இரண்டு சட்டையும் ஒரு பேண்ட்டும் தைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிச் சேர்ந்தவைதாம் என் ஒன்பது சட்டைகளும் ஆறு பேண்ட்டுகளும். டெரிலினும் டெரிகாட்டனுமாக, கிழியவே கிழியாத துணிகள். உடம்பு மட்டும் அவற்றுக்குள்ளிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

புதிதாகத் தைத்துக்கொள்ளலாம் என்று முதலில் தோன்றியது. கைப்பணம் ஒருபுறம் இருக்கட்டும், எந்த அளவுக்குத் தைப்பது? இன்று எடுத்த அளவு மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும். எண்பத்தைந்து கிலோவுக்கு ஒரு ஜோடி, எண்பதுக்கு ஒரு ஜோடி, எழுபத்தைந்துக்கு ஒரு ஜோடி என்று தைத்துக்கொண்டு போக நான் மகாராஜா அல்லன். ஆகவே இருப்பதை இழுத்துப்பிடித்து வாழ்வது என்று முடிவு செய்து, சாலைக் கடைத்தெருவில் எனக்கு வழக்கமாகத் தைக்கும் தையற்காரரிடம் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவார்.

முதல் மாதம் இடுப்பில் ஓர் அங்குலம் பிடித்துத் தந்தார். இரண்டாம் மாதம் மறுபடியும் பிடித்தார். மூன்றாம் மாதம் அதே பேண்ட்டை மேஜைமேல் போட்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“சாமி, இதுக்குமேல பிடிச்சா பின்பக்கத்துப் பை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கலியாணம் கட்டிக்கிடும், பாத்துக்கிடுங்க.”

“அப்படியானால் பிரித்து, வெட்டிச் சின்னதாக்கிவிடுமேன்.”

“வெட்டதுக்கு எனக்கு என்ன, ஒரு நிமிசம். நாளைக்கு ஒடம்பு திரும்பிச்சுன்னா வெட்டின துணிய எங்க போய்த் தேடுவிய? மனுசன் ஒடம்ப நம்பித் துணிய வெட்டப்பிடாது சாமி. துணி ஒரே சொல்லுல நிக்கும். ஒடம்பு நிக்காது.”

இத்தனை வருஷம் நான் மனப்பாடம் செய்த பாடல்களெல்லாம் உடம்பின் நிலையாமையைச் சொல்லியிருக்கின்றன. துணியின் பக்கம் நின்று யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அவர் சொன்ன வழியையே பின்பற்றினேன். ஆறு பேண்ட்டுகளில் இரண்டை மட்டும், துணியை வெட்டாமல், எப்போது வேண்டுமானாலும் உருவிவிடக்கூடிய நீண்ட தையலால் பிடித்து வைத்துக்கொண்டேன். மற்ற நான்கும் வேப்பிலையோடு டிரங்குப் பெட்டிக்குள் போயின. வாரத்தில் இரண்டு நாள், மேலதிகாரியைப் பார்க்க வேண்டிய நாட்களில் மட்டும், பேண்ட். மற்ற நாட்களில் வேட்டி.

வேட்டியின் பெருமையை நான் அந்த வருஷந்தான் அறிந்தேன். அதற்கு இடுப்பளவு கிடையாது. தொண்ணூறு கிலோவையும் எழுபது கிலோவையும் அது ஒரே விதமாக ஏற்றுக்கொள்கிறது. சுற்று ஒன்று கூடும், அவ்வளவுதான். இந்த ஊரில் வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் போவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் இருபது வருஷம் பேண்ட்டில் பார்த்த மனிதனை வெள்ளை வேட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும் பார்த்தால் சும்மா விடுவார்களா? எனக்கு எதிர் நாற்காலிக்காரர் மலையாளி. முதல் நாளே எழுந்து நின்று கைகூப்பிவிட்டார்.

“எந்தா சாரே, எலக்ஷனுக்கு நிக்கான் போகுன்னோ? சின்னம் எந்தா? குடையா, தராசா?”

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கழுத்துப்பட்டிக்குள் என் கழுத்து தனியாக ஆடுவது எனக்கே தெரிந்தது.

சட்டைதான் பெருந்தொல்லை. பக்கவாட்டில் பிடிக்கலாம், பொத்தானை நகர்த்தலாம். தோள் இறங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தோளில் இருக்க வேண்டிய தையல் புஜத்துக்கு வந்துவிடும். அரைக்கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். தையற்காரரிடம் கொடுத்தால் புதுச்சட்டைக்கான கூலி ஆகும். ஆகவே அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சட்டையின் கைகளை உருவி எடுத்து, தோளை உள்ளே மடித்து, மறுபடியும் பொருத்துவாள். ஞாயிற்றுக்கு ஒரு சட்டை வீதம் ஐந்து சட்டைகளைக் காப்பாற்றினாள். மிகப் பெரிய இரண்டைக் காப்பாற்ற வழியில்லாமல் தலையணை உறையாக்கிவிட்டாள். அந்தத் தலையணையில் தலை வைத்தால், பழைய நானே கீழே படுத்திருக்க, அவன் வயிற்றின்மேல் புதிய நான் தலை சாய்ப்பதுபோல் இருக்கும். தூக்கம் வராது.

துணி மட்டுமா? கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடிவிளையாடிற்று. வார்ப்பட்டையில் ஆணியைச் சுட்டுத் துளை போட்டேன். மோதிரத்துக்குள் நூல் சுற்றினேன். பூணூல்கூட இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. பாதமும் மெலியும் என்று யார் சொன்னார்கள்? செருப்பு ஒவ்வோர் அடியிலும் என்னை விட்டுப் பிரிந்து மறுபடி வந்து சேர்ந்தது. பெருமாள்மேல் கொண்ட ஏக்கத்தால் உடல் மெலிந்து, கைவளை கழன்று விழுவதாக நாயகியர் புலம்பும் பாடல்களை நான் நாள்தோறும் சொல்லுகிறவன். எனக்கும் எல்லாம் கழன்று விழுந்தன. ஆனால் அரிசிச் சோற்றின்மேல் கொண்ட ஏக்கத்தால் அல்லவா விழுந்தன என்று நினைக்கையில், அந்தப் பாடல்களைச் சொல்லவே நா கூசும்.

மனைவி மட்டும் இதையெல்லாம் வேறு கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்னா, இந்த ஷர்ட்டைப் போட்டுண்டு வாசல்ல நிக்காதேங்கோ. கொடியில காயற துணின்னு நெனச்சுண்டு எதிராத்து மாமி எடுத்துண்டு போயிடுவா.”

“போனால் போகட்டும். ஒரு சட்டை குறையும்.”

“விளையாடாதேங்கோ. பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோமாக்கும்.”

அவள் பயம் வெறும் பயம் அன்று. எங்கள் தெருவில் நல்ல சரீரம் என்பது குடும்பத்தின் நற்சான்று. காரணமின்றி மெலிகிறவனுக்குக் க்ஷயம், அல்லது அதைவிடப் பெரிது ஏதோ ஒன்று என்று தெரு தீர்மானித்துவிடும். சர்க்கரை என்று உண்மையைச் சொல்லலாமே என்றால், அது அப்பனிடமிருந்து பெண்ணுக்கு வரும், பெண்ணிடமிருந்து பேரனுக்கு வரும் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. சொன்னாலும் கெடுதி, சொல்லாவிட்டாலும் கெடுதி. ஆகவே நான் சட்டையை நம்பினேன். ஊருக்கு முன்னால் என் உடம்பு பழையபடியே இருக்கிறது என்று சட்டைகள் சாட்சி சொல்லட்டும் என்பதுதான் இத்தனை தையலுக்கும் உள்ளே கிடந்த நோக்கம்.

ஆனால் நான் நாள்தோறும் போய்க்கொண்டிருந்த ஓரிடத்தில் சட்டைக்கு வேலையில்லை. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடையோடு போகக்கூடாது. வேட்டியை உடுத்து வெற்றுமார்போடுதான் நுழைய வேண்டும். நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தான் போய்வந்தேன். அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு காலை, உள்ளே பிராகாரத்தில், தெரிந்தவர் ஒருவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“சாரே, என்ன இது? நெஞ்செலும்ப எண்ணிப் பாக்கலாம் போல இருக்கு! வல்ல அசுகமும் உண்டோ?”

“நோய் ஒன்றுமில்லை. நடக்கிறேன்.”

“நடந்தா இப்படியா? நானும் நடக்கறேனே!” என்று தம் தொந்தியைத் தட்டிக்காட்டிவிட்டுப் போனார்.

அதிலிருந்து பத்து நாளில், ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு சம்பந்தம் நின்றுபோயிற்று. தரகர் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்காராமலே சொன்னார். “பொண்ணு கொள்ளாம், நன்னாத்தான் இருக்கா. ஜாதகமும் சேர்றது. பொண்ணோட அப்பாவுக்குத்தான் மார்ல ஏதோ தீனம், க்ஷயமா இருக்கும்னு காத்துவாக்கில அவா காதுல விழுந்திருக்கு. நான் என்ன செய்யட்டும் ஸ்வாமி?”

என் மகள் அப்போது இயந்திரத்தின் முன்னால்தான் இருந்தாள். மிதிப்பது நிற்கவில்லை. அந்த ஓசை நிற்காமலே இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதல் நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். யார் கேட்டாலும், மலையோரத்தில் வித்துராப் பக்கம் ஆபீஸ் முகாம், காலையிலேயே பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். வித்துராவுக்கு நான் போகவேயில்லை. கோயில் நடை திறக்கும் வேளையில் கிழக்குக் கோட்டைக்கு வெளியே, எனக்கு ஒரு வேலையும் இல்லாத தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். சங்கின் ஒலி கேட்டால் நடை வேகமாகும். வீட்டுக்கு வந்தாலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. பெருமாளின் முன்னால் நிற்க வெட்கப்பட்டதாக எண்ணவேண்டாம். அவருடைய வாசலில் நிற்கும் மனிதர்களின் கண்ணுக்குத்தான் அஞ்சினேன். ஆனால் அவர்களிடமிருந்து ஒளிந்தபோது அவரிடமிருந்தும் ஒளிந்தாகிவிட்டது. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

மகள்தான் ஒருநாள், சட்டைக் கையை உருவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்பா, எனக்கு வரன் வரணும்னு தெனம் பாசுரம் சொல்லி வேண்டிக்கறேள். அவரண்டை போகவே மாட்டேங்கறேள். யார் மூலமா சொல்லியனுப்பறேள்? தரகர் மூலமாவா?”

“உனக்காகத்தானம்மா.”

“எனக்காகன்னு சொல்லாதேங்கோ. எனக்குப் பாரமா இருக்கு.”

அதற்குப் பிறகு வந்த வரன் திருநெல்வேலியிலிருந்து. பிள்ளைக்குச் சென்னையில் பாங்கு உத்தியோகம். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதலில் பெற்றோர் இருவரும் வந்து பெண்ணைப் பார்ப்பது, பிடித்தால் பிள்ளையை அனுப்புவது என்று ஏற்பாடு. அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நான் பீரோவின் முன்னால் நின்றேன். இருப்பதில் நன்றாகத் தைத்து அமைந்த சட்டையைத் தேர்ந்தெடுத்தேன். போட்டுப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது; ஆனால் பொருத்தமாக இருப்பதே மெலிந்த மனிதன் என்பதைக் காட்டிக்கொடுத்தது. வந்தவர்கள் என்னைப் பூரித்த உடம்போடு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆவேசம். கடைசியில், அந்தச் சட்டையைத் தள்ளிவிட்டு, மகளின் கைபடாத ஒரு பழைய பெரிய சட்டையை எடுத்தேன். உள்ளே கைவைத்த பனியன் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். குளித்துவிட்டுத் துடைக்கும் மெல்லிய துண்டை, இந்த ஊரில் துவர்த்து என்பார்கள், நான்காக மடித்து வயிற்றில் சுற்றி, மேலே வேட்டியை இறுக்கினேன். கண்ணாடியில் தொண்ணூறு கிலோ மனிதர் ஒருவர் தெரிந்தார். அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

மனைவியிடம் ஒன்று சொல்லிவைத்தேன். “அவர்களுக்கு வைக்கிறபடியே எனக்கும் தட்டில் சொஜ்ஜி வை. சாப்பிடுவேன்.”

“சக்கரை ஏறிடுமே.”

“ஒருநாள் ஏறட்டும்.”

பஸ்ஸிலிருந்து இறங்கிக் காலையிலேயே வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் ஒடிசலானவர், கதர் ஜிப்பா, நாலு முழ வேட்டி. கைகால் கழுவினார். காபி வேண்டுமா என்று மனைவி கேட்டதும் கையமர்த்தினார்.

“வந்த ஊர்ல பெருமாளைச் சேவிக்காம பல்லுல தண்ணி படறதாவது! நீங்க ரெண்டு பேரும் பேசிண்டிருங்கோ. நாங்க ஆம்பளைகள் ஓர் எட்டுப் போய்ச் சேவிச்சுட்டு வந்துடறோம். வாங்கோ ஸ்வாமி.”

அப்போதுதான் என் தலைக்குள் இடி இறங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வருகிற எந்த பக்தனும் முதலில் என்ன கேட்பான் என்பதை, இந்த ஊரில் பிறந்து, கோயிலுக்கு நூறடியில் வாழ்ந்த நான், மறந்திருக்கிறேன்! ஒரு வாரம் சட்டையை நினைத்தேன், பனியனை நினைத்தேன், சொஜ்ஜியைக்கூட நினைத்தேன். கோயிலை நினைக்கவில்லை. இரண்டு மாதம் அதை நினைக்காமலிருக்கவே பழகியிருந்தேன்.

மனைவி முயன்று பார்த்தாள். “இப்போ நடை அடைச்சிருக்குமே...”

“இல்லியே! இன்னும் ஒரு திறப்பு இருக்குன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாரே.”

தெருவில் நடந்தேன். வயிற்றில் துவர்த்து நனைந்து கனத்தது. கால் வலிக்கிறது என்று சொல்லலாமா? தீட்டு என்று சொல்லலாமா? பெண் பார்க்க வந்த நாளில் தீட்டு என்று சொல்ல எந்த மடையனுக்கு வாய் வரும்! ஏதேதோ யோசனைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. யோசனை முடிவதற்குள் வாசல் வந்துவிட்டது.

அவர் ஒரே வீச்சில் ஜிப்பாவைக் கழற்றித் தோள்பையில் வைத்தார். என் பக்கம் திரும்பி, சட்டைக்காகக் கையை நீட்டினார். கழற்றினேன். உள்ளே பனியன். அதையும் கழற்றினேன். உள்ளே மற்றொரு பனியன். அவர் கை நீட்டியபடியே இருந்தது. அதையும் கழற்றியபோது, பிடி தளர்ந்த துவர்த்து வயிற்றிலிருந்து சரிந்து, ஒரு முனை தரையில் புரண்டது. குனிந்து சுருட்டி அதையும் அவரிடம் கொடுத்தேன். வெங்காயத்தை உரிக்கிறாற்போல் ஒருவனை உரித்து முடித்தபின், நடுவில் நின்ற எலும்பு நான். அவர் என் மார்பைப் பார்த்தார். தம் கையில் சேர்ந்துவிட்ட நான்கு துணிகளைப் பார்த்தார். பிறகு, மடிக்கத் தெரிந்த ஒருவர் மடிப்பதுபோல, ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

பள்ளிகொண்டிருக்கும் எங்கள் பெருமாள் மிகப் பெரியவர். ஒரே வாசலில் அவரை முழுதும் காண முடியாது. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் உந்தித்தாமரை, மூன்றாம் வாசலில் திருவடி. அன்று என்னால் முதல் வாசலில் நிற்க முடியவில்லை. கூட்டத்தோடு நகர்ந்து நேரே மூன்றாம் வாசலுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தவனுக்கு அந்தத் திருவடிகள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்! எனக்கோ ஒரு பாசுரமும் வாயில் வரவில்லை. பக்கத்து வாசலில் நிற்கும் தலைமையாசிரியரின் முகம் எப்படி இருக்கிறது என்பதையே மனம் எட்டி எட்டிப் பார்த்தது. என் மகளின் கல்யாணம் அந்த முகத்தில் இருந்தது.

பிராகாரத்தின் கற்தூண்களை ஒட்டி நடக்கும்போது இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று பட்டது.

“எனக்குச் சர்க்கரை வியாதி. ஒரு வருஷமாகிறது. மருத்துவர் சொல்லித்தான் இளைக்கிறேன். வேறு வியாதி ஒன்றுமில்லை.”

“பொண்ணுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“மறைக்கணும்னு அவளா சொன்னா?”

“இல்லை. நான்தான்.”

அவர் நாலு தூண் தூரம் நடந்தார். “சர்க்கரைக்குப் பயந்தா ஊர்ல பாதி பேர் ஆத்துல சம்பந்தமே பண்ண முடியாது. அது போகட்டும். உங்க பொண்ணு நாளைக்கு இன்னொருத்தர் ஆத்துல வந்து இருக்கப்போறா. வர்றதுக்கு முன்னாடியே மாமனார்கிட்ட எதை மறைக்கணும்னு நீங்களே சொல்லிக்குடுத்து அனுப்பறேளே, இது நன்னாயிருக்கா?”

குற்றம் செய்த மாணவன்போல அவர் பின்னால் நடந்தேன். வாசலில் துணிகளைத் திருப்பித் தந்தபோது ஒரு பனியனை மட்டும் போட்டு, மேலே சட்டையை மாட்டிக்கொண்டேன். சட்டை என்மேல் தொங்கிற்று. தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் பலகாரத் தட்டுகள் வந்தன. மகள் நமஸ்கரித்துவிட்டு ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை வைத்தாள். நான் சொல்லிவைத்தபடியே என் தட்டிலும் நெய் மினுங்கும் சொஜ்ஜி இருந்தது. மாற்றிச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அல்லது நா எழவில்லை. எடுப்பதா விடுவதா என்று என் விரல்கள் தட்டின் விளிம்பில் நின்றன.

“அம்மா குழந்தே,” என்றார் தலைமையாசிரியர். “அப்பா தட்டுல இருக்கிற சொஜ்ஜியை எடுத்துடு. பஜ்ஜியும் ஒண்ணு போதும்.”

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் அம்மா கணவரைப் பார்த்தாள்.

“ஏன், அவருக்கு ஸ்வீட் ஆகாதோ?”

“ஆகாது. சர்க்கரை. கோயில்லயே எங்கிட்ட சொல்லிட்டார்.”

என் மகள் அவரைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, என் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையின் அம்மா அதற்குப்பின் அதிகம் பேசவில்லை. என் சட்டைத் தோளையே பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றிற்று. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, “ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்” என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பது நாள் கடிதம் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் காலையில் கோயிலுக்குப் போனேன். வெற்றுமார்போடு நின்றேன். கேட்டவர்களிடமெல்லாம் சர்க்கரை என்று சொன்னேன். தொந்தியைத் தட்டிக்காட்டியவர்கூட எந்த மருத்துவர் என்று காதோடு விசாரித்துவிட்டுப் போனார். ஆனால் சொல்லிவிட்டதால் மனம் அமைதியாயிற்று என்று எழுதினால் அது பொய். சொன்னதால் பெண்ணின் வாழ்வு கெட்டதோ, மறைத்ததால் கெட்டதோ என்று இரண்டு பக்கமும் மனம் அலைந்தது. தபால்காரர் வரும் வேளைக்கு அலுவலகத்தில் பேனா ஓடாது. வீட்டுக்கு வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்ப்பேன், அவள் தலையசைப்பாள், மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். மருத்துவர் சொன்ன நடையைப்போல் மூன்று மடங்கு நடந்தேன்.

இருபதாம் நாள் வந்த கடிதம் பிள்ளையின் அம்மா கைப்பட எழுதியது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, பிள்ளை அடுத்த மாதம் லீவில் வருகிறான், அவனும் பார்த்துவிட்டால் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், சம்பந்தி அவர்கள் சாப்பாட்டில் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று ஐந்தாறு வரிகள். சம்பந்தி என்ற சொல்லை மனைவி இரண்டு முறை உரக்கப் படித்தாள்.

மகள் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். மடித்து என்னிடம் தந்தாள்.

“அப்பா, அப்போ அவாத்துல போய் நான் எதையும் மறைக்க வேண்டாமில்லையா?”

“வேண்டாம்,” என்றேன்.

மறைத்தே பழகிப்போன எனக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அவள் கவனித்திருப்பாள். உள்ளே போய்விட்டாள். நான் உட்காரத் தோன்றாமல், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.